காருக்கு ரீகால் வந்தால்: ஒரு ரூபாய் கொடுக்காமல் சரிசெய்துகொள்ள முழு வழிகாட்டி

2020 ஜூலையில் மாருதி சுசூகி 1,34,885 கார்களைத் திரும்ப அழைத்தது. இதைத்தான் ரீகால் என்கிறார்கள். எரிபொருள் பம்பில் கோளாறு இருக்கலாம் என்பது காரணம். வேகன்ஆர் 56,663, பலேனோ 78,222. ஆனால் ரோட்டில் ஓடும் எல்லா வேகன்ஆரும் அதில் சேராது. 1 லிட்டர் எஞ்சின் உள்ளவை மட்டும், அதுவும் 2018 நவம்பர் 15 முதல் 2019 அக்டோபர் 15 வரை தயாரானவை மட்டும். பலேனோவில் பெட்ரோல் வண்டிகள் மட்டும். பழுதான பம்பைக் காசில்லாமல் மாற்றித் தருவதாக அறிவிப்பு.

இப்படி ஒரு செய்தி பேப்பரில் ஒரு நாள் வரும், மறுநாள் காணாமல் போகும். "நம்ம வண்டிக்கு ஏதாவது இருந்தா கம்பெனியிலிருந்து போன் பண்ணுவாங்க" என்று நாமும் விட்டுவிடுவோம். போன் வரத்தான் செய்யும். ஆனால் கம்பெனியின் கணினியில் எந்த எண் இருக்கிறதோ அந்த எண்ணுக்கு வரும். நீங்கள் மூன்று வருடம் முன்பு சிம் மாற்றியிருந்தாலோ, வண்டியை இன்னொருவரிடமிருந்து வாங்கியிருந்தாலோ அந்த அழைப்பு வேறு யாருக்கோ போகும். அதனால் தேட வேண்டியது நாம்தான்.

சட்டத்தில் என்ன இருக்கிறது

2012-க்கு முன் இந்தியாவில் ரீகாலுக்கென்று ஒரு முறையே கிடையாது. அந்த வருடம் ஜூலையில் வாகனத் தயாரிப்பாளர்கள் சங்கமான சியாம் தானாகவே ஒரு நடைமுறையை வகுத்துக்கொண்டது. கட்டாயம் இல்லை, மனமிருந்தால் செய்யலாம். 2013-ல் ஜெனரல் மோட்டார்ஸ் 1,14,000 டவேராக்களை மாசு வெளியேற்றப் பிரச்சினைக்காக அழைத்தது அந்தக் காலத்தில்தான்.

கட்டாயம் என்பது 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 110ஏ பிரிவைச் சேர்த்த பிறகு வந்தது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளன. ஒரு ரக வண்டியில் உள்ள குறை ஓட்டுபவருக்கோ, உள்ளே இருப்பவருக்கோ, ரோட்டில் போகிறவருக்கோ, சுற்றுச்சூழலுக்கோ கேடு விளைவிக்கும் என்றால் மத்திய அரசு ரீகால் உத்தரவு போடலாம். உத்தரவு வந்தால் கம்பெனி முழு விலையைத் திருப்பித் தர வேண்டும், அல்லது அதே தரத்திலோ அதைவிட மேலான தரத்திலோ வேறு வண்டி தர வேண்டும், அல்லது பழுதைச் சரிசெய்து தர வேண்டும். மூன்றிலும் செலவு கம்பெனியுடையது. அதோடு அபராதமும் உண்டு. வண்டியின் வகையையும் எண்ணிக்கையையும் பொறுத்து 1 கோடி ரூபாய் வரை போகும்.

அதே பிரிவில் இன்னொரு உட்பிரிவு இருக்கிறது. குறையைக் கம்பெனியே கண்டுபிடித்து, அரசுக்குச் சொல்லி, தானே ரீகாலைத் தொடங்கினால் அந்த அபராதம் கிடையாது. எல்லா அறிவிப்பிலும் "தாமாக முன்வந்து", "முன்னெச்சரிக்கையாக", "வாடிக்கையாளர் நலன் கருதி" என்றெல்லாம் ஏன் வருகிறது என்று இப்போது புரிந்திருக்கும். நல்ல மனதும் இருக்கலாம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சர்வீஸ் சென்டரில் அதை ஒரு சலுகை மாதிரி யாராவது பேசினால் நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. குறையோடு விற்றது அவர்கள், சரிசெய்வதும் அவர்கள் வேலை.

முதல் வேலை: சேஸிஸ் நம்பர்

ரீகாலில் வண்டியின் பெயர், மாடல், வாங்கிய தேதி எதுவும் முடிவு செய்யாது. சேஸிஸ் நம்பர்தான் எல்லாம். ஆர்சி புத்தகம் அல்லது கார்டில் இருக்கும், இன்சூரன்ஸ் பாலிசியிலும் இருக்கும். மொத்தம் 17 எழுத்தும் எண்ணும். மாருதி என்றால் பெரும்பாலும் எம்ஏ3 என்று தொடங்கும். ஹூண்டாய் எம்ஏஎல், டாடா எம்ஏடி, மஹிந்திரா எம்ஏ1, ஹோண்டா கார் எம்ஏகே. இந்த 17-ல் ஆங்கில ஐ, ஓ, கியூ மூன்றும் வரவே வராது, 1, 0 என்ற எண்களோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. வட்டமாக ஏதாவது தெரிந்தால் அது பூஜ்யம்தான். தளத்தில் தட்டச்சு செய்யும்போது "இப்படியொரு வண்டியே இல்லை" என்று வந்தால் முதலில் இதைச் சரிபாருங்கள்.

வாங்கிய தேதியை வைத்து முடிவுக்கு வருவதும் சரிவராது. அறிவிப்பில் இருப்பது தயாரித்த தேதி. ஷோரூம் யார்டில் நான்கு மாதம் நின்ற வண்டியை நீங்கள் வாங்கியிருக்கலாம்.

இதற்கும் மேலே ஒரு விஷயம். 2024 அக்டோபரில் ஹோண்டா கார்ஸ் எரிபொருள் பம்புக்காக 90,468 கார்களை அழைத்தது. அதில் 2,204 வண்டிகள் அந்தப் பம்போடு தொழிற்சாலையை விட்டு வந்தவையே அல்ல. முன்பு ரிப்பேருக்கு வந்தபோது ஸ்பேர் பார்ட்டாக அந்தப் பம்பை மாட்டிய பழைய வண்டிகள். ஆகவே, "என் கார் அந்தத் தேதிக்குள் வராது" என்பதோடு நிறுத்தாதீர்கள். அந்தப் பாகத்தை நடுவில் எப்போதாவது மாற்றியிருந்தால் பழைய பில்லைத் தேடி எடுத்துக்கொண்டு கேளுங்கள். வெளி மெக்கானிக்கிடம் மாற்றியிருந்தால் கம்பெனியின் பதிவில் அது இருக்கவே இருக்காது. நீங்கள் சொன்னால்தான் உண்டு.

எங்கே பார்ப்பது

கார் கம்பெனியின் இணையதளம்தான் முதல் இடம். சேஸிஸ் நம்பரைப் போட்டால் உங்கள் வண்டி பட்டியலில் உண்டா இல்லையா என்று சொல்லிவிடும். மாருதியில் இது வாடிக்கையாளர்களுக்கான முக்கியத் தகவல் என்ற பகுதிக்குள் இருக்கிறது. முகப்பிலேயே கண்ணில் படும் என்று எதிர்பார்க்காதீர்கள், அடியில் போய்த் தேட வேண்டும். மற்ற கம்பெனிகளும் ஏறக்குறைய அப்படித்தான். கெட்ட செய்தியை யாரும் வாசலில் மாட்டி வைப்பதில்லை.

இரண்டாவது வழி, சர்வீஸ் சென்டருக்கே போன். கேட்கும் விதம் முக்கியம். "என் வண்டிக்கு ரீகால் இருக்கா?" என்றால் வரவேற்பில் இருப்பவர் யோசிக்காமல் "இல்லை சார்" என்று சொல்லிவிடுவார். "சேஸிஸ் நம்பர் தருகிறேன், சிஸ்டத்தில் போட்டு, முடிக்காத கேம்பெய்ன் ஏதாவது காட்டுகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். டீலர்களின் உள் கணினியில் ரீகாலும் கேம்பெய்ன் என்ற பெயரில்தான் பெரும்பாலும் திறக்கும்.

மூன்றாவதாக, சியாம் தளத்தில் கம்பெனிவாரியாக ரீகால் பட்டியல் இருக்கிறது. உங்கள் மாடலுக்கு இதுவரை என்னென்ன வந்திருக்கிறது என்று மொத்தமாகப் பார்க்க அது உதவும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போதோ ஆயில் மாற்றும்போதோ, இதை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும்.

ஓட்டலாமா, நிறுத்தணுமா

இந்தக் கேள்விக்கு ஒரே பதில் இல்லை, அறிவிப்பை முழுவதும் படித்தாக வேண்டும். 2023 ஜனவரியில் மாருதி 17,362 கார்களை ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்காக அழைத்தபோது, மாற்றும் வரை வண்டியை எடுக்காதீர்கள் என்றே சொன்னது. 2021 செப்டம்பரில் சியாஸ், எர்டிகா, பிரெஸா, எஸ்-கிராஸ், எக்ஸ்எல்6 என்று 1,81,754 கார்களை மோட்டார் ஜெனரேட்டர் பாகத்துக்காக அழைத்தபோது ஓட்ட வேண்டாம் என்று சொல்லவில்லை. தண்ணீர் தேங்கிய இடத்தில் ஓட்டாதீர்கள், மின்சாரப் பாகங்கள் மேல் நேராகத் தண்ணீர் பீய்ச்சாதீர்கள் என்று சொன்னது. வட கிழக்குப் பருவமழை நெருங்கும் நேரத்தில் வேளச்சேரியிலோ முடிச்சூரிலோ இருப்பவருக்கு இது எவ்வளவு பெரிய நிபந்தனை என்று சொல்லத் தேவையில்லை. வாட்டர் சர்வீஸ் கடையில் பானெட்டைத் திறந்து பம்பு வைத்து அடிப்பதும் இதில் அடங்கும்.

ஸ்டீயரிங், பிரேக், ஏர்பேக், எரிபொருள் கசிவு, தீப்பிடிக்கும் அபாயம் என்று ஏதாவது இருந்தால் என் கருத்து ஒன்றுதான்: வண்டியை நிறுத்துங்கள், டோயிங் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். தருவார்கள் என்று உறுதி கிடையாது. ஆனால் "ஓட்ட வேண்டாம்" என்று சொன்ன கம்பெனியிடம் "அப்புறம் நான் எப்படிக் கொண்டுவருவது?" என்று எழுத்தில் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். இன்னொன்று, சாதாரண கார் இன்சூரன்ஸ் இயந்திரக் கோளாறையும் மின்சாரக் கோளாறையும் ஈடுகட்டாது. தெரிந்த குறையோடு ஓட்டி, அதனால் பாகம் கெட்டால் அந்தச் செலவு உங்கள் தலையில் விழும்.

ஏர்பேக்கில் டகாட்டா பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஜப்பானைச் சேர்ந்த இந்த நிறுவனத்தின் ஏர்பேக்கை ஊதி விரிக்கும் உலோகக் குடுவைக்குள் அம்மோனியம் நைட்ரேட் இருந்தது. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து வருடக்கணக்கில் அதைக் கெடுக்கும். கெட்டுப்போனது விபத்தில் தேவைக்கு மேல் வேகமாக எரிந்து, உலோகக் குடுவையை உடைத்து, துண்டுகளை முகத்திலும் கழுத்திலும் வீசும். உலகம் முழுக்கப் பல கோடி வண்டிகள் அழைக்கப்பட்டன; 2017-ல் அந்த நிறுவனம் திவாலானது. ஹோண்டா கார்ஸ் இந்தியாவில் 2017 ஜனவரியில் மட்டும் ஜாஸ், சிட்டி, சிவிக், அக்கார்டு என்று 41,580 கார்களை இதற்காக அழைத்தது. சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் மாதிரி கடலோர ஊர்களில் வெயிலில் நிற்கும் பழைய வண்டிகளுக்கு இந்தக் குறை வயதாக வயதாகக் கூடுமே தவிரக் குறையாது. பத்துப் பதினைந்து வருடப் பழைய வண்டிதானே என்று விடாமல் கேட்டுப் பாருங்கள்.

வண்டியை விடும்போது

முன்பதிவு செய்யும்போதே பாகம் கையிருப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். லட்சம் வண்டிகளை ஒரே நாளில் அழைத்தால் லட்சம் பாகங்கள் ஒரே நாளில் வராது. "வாங்க பார்த்துக்கலாம்" என்று சொல்லி வண்டியை வாங்கி வைத்துக்கொண்டு பத்து நாள் இழுப்பதும் நடக்கும். பாகம் வந்ததும் மெசேஜ் அனுப்பச் சொல்லி, அந்த மெசேஜை அழிக்காமல் வைத்திருங்கள்.

எந்த அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்கும் போகலாம், வாங்கிய ஷோரூமுக்கே போக வேண்டும் என்பதில்லை. வாரண்டி முடிந்துவிட்டது, இத்தனை நாளும் வெளியில் சர்வீஸ் செய்தீர்கள், நீங்கள் முதல் உரிமையாளர் இல்லை, இப்படி என்ன காரணம் சொன்னாலும் ரீகாலுக்கு அது பொருந்தாது. வாரண்டி என்பது வாங்கியவரோடு போட்ட ஒப்பந்தம். ரீகால் வண்டியோடு போகிறது. சேஸிஸ் நம்பர் பட்டியலில் இருந்தால் அவ்வளவுதான்.

என்னென்ன வேலை என்று எழுதும் ஜாப் கார்டு போடும் இடத்தில்தான் காசு நழுவும். சர்வீஸ் அட்வைசர் வண்டியைச் சுற்றி வருவார், டேப்லெட்டில் தட்டுவார். "ரீகால் வேலை இருக்கட்டும் சார், இருபதாயிரம் கிலோமீட்டர் சர்வீஸும் நெருங்குது, சேர்த்தே போட்டுடவா? வீல் அலைன்மென்ட், ஏசி கிளீனிங், த்ராட்டில் பாடி..." என்று ஒரு பட்டியல் வரும். வேண்டும் என்றால் செய்துகொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் அதற்குத் தனி ஜாப் கார்டு கேளுங்கள். ரீகால் வேலைக்கான கார்டில் அந்த ஒரு வேலை மட்டும், பாகம் பூஜ்யம், கூலி பூஜ்யம், ஜிஎஸ்டி பூஜ்யம் என்று இருக்க வேண்டும். கூலண்ட், ஆயில், கேஸ்கெட், கிளிப் என்று சில்லறைச் சாமான்களை உங்கள் கணக்கில் எழுதப் பார்ப்பார்கள். அந்த வேலைக்காகக் கழற்றியதால் மாற்ற வேண்டி வந்த சாமான் என்றால் அதுவும் ரீகாலில்தான் சேரும். "சர்வீஸ் போட்டால்தான் ரீகால் வேலை செய்வோம்" என்று சொன்னால் அந்த வாக்கியத்தை ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

விடுவதற்கு முன் ஓடோமீட்டரையும் எரிபொருள் அளவையும் நான்கு பக்கமும் வண்டியையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லா ரீகாலிலும் பாகம் மாறாது. 2021 மே மாதத்தில் ராயல் என்ஃபீல்டு 2,36,966 பைக்குகளை இக்னிஷன் காயிலுக்காக அழைத்தபோது, பத்து சதவீதத்துக்கும் குறைவானவற்றில்தான் காயில் மாற்ற வேண்டியிருக்கும் என்று தானே கணித்துச் சொன்னது. ஆகவே "செக் பண்ணிட்டோம், நல்லா இருக்கு" என்று வண்டியைத் திருப்பித் தருவது ஏமாற்று வேலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் வாய்ப் பேச்சோடு வரக் கூடாது. எந்த கேம்பெய்ன் எண், என்ன சோதித்தார்கள், முடிவு என்ன, மாற்றினார்களா இல்லையா என்று பூஜ்ய ரூபாய் பில்லில் எழுதி வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் கம்பெனித் தளத்தில் சேஸிஸ் நம்பரை மறுபடி போட்டுப் பாருங்கள். இன்னும் பட்டியலில் காட்டினால் வேலையை முடித்ததாக அவர்கள் பதிவு செய்யவில்லை என்று அர்த்தம். ஒருவேளை செய்யாமலேயே இருக்கலாம்.

முன்பே காசு கொடுத்து மாற்றியிருந்தால்

ரீகால் வருவதற்கு முன்னால் அதே பாகம் கெட்டு, கைக்காசு போட்டு மாற்றியவர்கள் உண்டு. அமெரிக்காவில் இந்தச் செலவைத் திருப்பித் தர கம்பெனிகள் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நம் ஊரில் அவ்வளவு தெளிவான வாசகத்தை நான் பார்த்ததில்லை. அதற்காகக் கேட்காமல் இருக்க வேண்டாம். பில், ஜாப் கார்டு, ரீகால் அறிவிப்பு மூன்றையும் வைத்துக் கம்பெனிக்கு எழுதுங்கள். குறை தயாரிப்பில்தான் என்று அவர்களே அறிவித்த பிறகு, "தேய்மானத்தால் கெட்டது" என்று உங்களிடம் முன்பு சொன்ன பதில் நிற்காது. அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் மாற்றியிருந்தால் வாதம் இன்னும் பலமாகும்.

மறுத்தால், இழுத்தடித்தால்

சர்வீஸ் மேனேஜரிடம் ஒரு தடவை நேரில் பேசுங்கள். நடக்கவில்லை என்றால் கோபப்பட்டுப் பயனில்லை, எழுதுங்கள். கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை மின்னஞ்சலுக்கு, டீலருக்கு ஒரு நகலோடு. கதை சொல்ல வேண்டாம், இந்த அளவு போதும்:

"என் வாகனப் பதிவு எண் ......, சேஸிஸ் எண் ....... தாங்கள் ...... தேதியில் அறிவித்த ரீகாலில் இந்த வாகனம் அடங்கும் எனத் தங்கள் இணையதளம் காட்டுகிறது, ஸ்கிரீன்ஷாட் இணைத்துள்ளேன். ...... தேதியில் ...... கிளையில் வாகனத்தை ஒப்படைத்தேன். பழுது நீக்க ரூ. ...... கேட்டார்கள் / பாகம் இல்லை எனத் திருப்பி அனுப்பினார்கள். 15 நாட்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்து தரவும், அதுவரை வாகனத்தை ஓட்டலாமா என எழுத்தில் தெரிவிக்கவும் கேட்டுக்கொள்கிறேன்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தால் பொறுப்பு அவர்கள் மேல் போகும், ஓட்ட வேண்டாம் என்று எழுதினால் தாமதத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டிவரும். அதனாலேயே இந்த வரிக்குப் பிறகு வேலை கொஞ்சம் வேகமாக நடக்கும்.

அடுத்தது 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அவர்கள் கம்பெனிக்குப் புகாரை அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள், தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வண்டிக்கு நீங்கள் கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கம்பெனியின் தலைமையகம் குருகிராமில் இருந்தாலும் சரி. வழக்கறிஞர் கட்டாயமில்லை. கட்டணம் 5 லட்சம் வரை இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்; சமரசப் பேச்சிலேயே இந்தக் கெடு ஓடிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

"பெரிய கம்பெனியோடு நாம் எங்கே மல்லுக்கட்டுவது" என்று தயங்குகிறவர்களுக்கு 2022 ஏப்ரலில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றைச் சொல்லலாம். விபத்தில் க்ரெட்டா காரின் ஏர்பேக் விரியவில்லை. மோதிய வேகமும் விசையும் போதவில்லை என்பது ஹூண்டாயின் வாதம். நுகர்வோர் என்ன இயற்பியல் நிபுணரா, வேகத்தையும் விசையையும் கணக்குப் போட்டுக்கொண்டு கார் வாங்க, என்ற பொருளில் கேட்டு, நுகர்வோர் ஆணையம் கொடுத்த இழப்பீட்டை நீதிமன்றம் உறுதிசெய்தது. அது ரீகால் வழக்கு அல்ல. ஆனால் கம்பெனி தானே குறையை ஒப்புக்கொண்ட ரீகாலில் உங்கள் வேலை இதைவிடச் சுலபம்.

ரீகாலே வராத குறை

உங்கள் வண்டியிலும், உங்களைப் போன்ற பலர் வண்டியிலும் ஒரே கோளாறு, கம்பெனி மட்டும் வாய் திறக்கவில்லை. இதற்கென்றே அரசின் வாகன் தளத்தில் வாகன ரீகால் பகுதி இருக்கிறது. வண்டி உரிமையாளர் அதில் குறையைப் பதியலாம். ஆண்டு விற்பனையைப் பொறுத்து இத்தனை புகார் வந்தால் விசாரணை என்று விதிகளில் ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். எனவே ஒருவர் பத்து முறை எழுதுவதைவிடப் பத்துப் பேர் ஒவ்வொரு முறை எழுதுவதில்தான் பலன். உரிமையாளர் குழுக்களில் புலம்பும் நேரத்தில் பாதியை இதற்குச் செலவழிக்கலாம். எழுதும்போது கிலோமீட்டர், வேகம், மழையா வெயிலா, எந்த எச்சரிக்கை விளக்கு எரிந்தது என்று குறிப்பாக எழுதுங்கள். இந்தக் கட்டாய ரீகால் விதி 7 வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான். அதைத் தாண்டிவிட்டால் கம்பெனி தானாக அறிவிப்பதை நம்பித்தான் இருக்க வேண்டும்.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு

டெஸ்ட் டிரைவுக்கு முன் சேஸிஸ் நம்பரை வாங்கிக் கம்பெனித் தளத்தில் போட்டுப் பாருங்கள். முடிக்காத ரீகால் இருந்தால் வாங்கக் கூடாது என்பதில்லை. விற்பவரையே போய் முடித்து, பூஜ்ய ரூபாய் பில்லோடு வரச் சொல்லுங்கள். காசு செலவில்லாத வேலையைச் செய்ய ஒருவர் சாக்குச் சொன்னால் மற்ற பராமரிப்பை எப்படிச் செய்திருப்பார் என்று நீங்களே முடிவு செய்யலாம்.

வாங்கியபின் ஆர்சியில் பெயர் மாற்றியதோடு நிற்காமல் சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்து, அவர்கள் பதிவிலும் உங்கள் பெயர், செல்போன் எண், முகவரியை மாற்றச் சொல்லுங்கள். ஆர்டிஓவில் மாற்றினால் இது தானாக மாறிவிடாது. ஃபோர்டு, ஷெவர்லே மாதிரி இங்கே விற்பனையை நிறுத்திவிட்ட கம்பெனிகளின் வண்டி என்றால் பக்கத்தில் எந்த சர்வீஸ் சென்டர் இன்னும் திறந்திருக்கிறது, அங்கே கேம்பெய்ன் வேலை செய்கிறார்களா என்று அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.